பெயர் வரும், பணம் வராது

நீங்கள் வலைப்பதிவர்களுக்கு அனுப்பப்போகும் மின்னஞ்சலை எனக்கும் அனுப்பி, மொழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். "உங்கள் வலைப்பூவைத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். உங்கள் எழுத்து இன்னும் பல வாசகர்களைச் சென்றடைய வேண்டும் என்பது எங்கள் விருப்பம். தற்போது சன்மானம் வழங்கும் நிலையில் நாங்கள் இல்லை. எனினும் உங்கள் பெயரும் புகைப்படமும் கட்டுரையோடு இடம்பெறும்." பிழை ஏதும் இல்லை. இருக்கவும் இருக்காது. நீங்கள் இப்போது இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து அதன் முதல் வடிவத்தை எழுதியவன் நான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு மூன்று சொற்களை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றவனிடம் அரைப் பக்கத்தைத் திருத்தக் கொடுத்தால் நாலு பக்கம் எழுதித் தருவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாளிதழ் இணையதளம் தொடங்கி, தென் சென்னைப் புறநகருக்கென்று தனிப் பிரிவு வைத்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள என்னையும் ஓர் உதவி ஆசிரியரையும் போட்டார்கள். இந்தப் பக்கம் பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை, அந்தப் பக்கம் மேடவாக்கம் வரை. அத்தனை ஊருக்கும் இரண்டு பேர். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி சாலையைப் பார்த்த மாதிரி ஒரு மாடி அறை. அச்சுப் பதிப்பில் இருபது வருடங்களுக்கு மேல் தலைப்பு வைத்தே பழகியவன் நான். இணையத்தில் தினமும் இத்தனை கட்டுரை ஏற வேண்டும் என்றபோது கைகால் ஓடவில்லை.

இணையப் பிரிவின் ஆசிரியர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கெட்டிக்காரர். அவர்தான் வழி சொன்னார்.

"சார், இந்த ஏரியால தெருவுக்குத் தெரு யாரோ ஒருத்தர் ப்ளாக் எழுதறாங்க. அவங்களுக்குப் பேர் வேணும், நமக்கு மேட்டர் வேணும். அழகா ஒரு மெயில் போடுங்க, போதும்."

அழகாக ஒரு மெயில் போட்டேன். சிலர் பத்தே நிமிடத்தில் பதில் எழுதினார்கள். காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர், மேடவாக்கத்திலிருந்து தண்ணீர் லாரிகளைப் பற்றி எழுதும் ஓர் ஐடி ஊழியர், சேலையூரிலிருந்து பறவைகளைப் பற்றி எழுதும் ஒரு பல் மருத்துவர். எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி பதில் போட்டார். வண்டலூரில் இருந்த வங்கி அதிகாரி அவர். புறநகர் ரயிலைப் பற்றி எழுதுவார். நல்ல நடை. அவர் அனுப்பியது ஒரே வரி: "இந்த மின்னஞ்சலை எழுதிய தங்களுக்குச் சம்பளம் உண்டா?"

அதை அறையில் சத்தமாகப் படித்துச் சிரித்தேன். உதவி ஆசிரியர் சிரிக்கவில்லை.

"நியாயமாத்தானே சார் கேட்டிருக்கார்?" என்றார்.

நான் அவருக்கு விளக்கம் சொன்னேன். எப்படியும் எழுதத்தான் போகிறார், அதை இன்னும் நாலு பேர் படிக்கட்டுமே, நாம் யாரையும் வற்புறுத்தவில்லையே என்றேன். நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். முழுப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்த விளக்கத்தில் இல்லாத ஒன்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. சன்மானம் கொடுத்து வாங்கிய கட்டுரையை நான் இரண்டு முறை படிப்பேன். சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கூப்பிடுவேன். இலவசமாக வந்ததை ஒரு முறைதான் படித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை தானாக அப்படிப் பழகிவிட்டது.

எஸ்தரை எனக்குத் தெரியவந்தது ஒரு மழைக்காலத்தில். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு வலைப்பூவில் மட்டும் ஏன் நிற்கிறது என்று எழுதியிருந்தது. எந்த ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்த வாய்க்கால் வழியாக எங்கே போகும், அந்த வாய்க்கால் பழைய வரைபடத்தில் எப்படிப் போகிறது, இன்று எப்படிப் போகிறது என்று கையால் வரைந்த படங்களோடு இருந்தது. ஆரவாரம் இல்லாத எழுத்து. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் எழுத்து. நம் தொழிலில் அது அபூர்வம்.

மெயில் அனுப்பினேன். நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். கிழக்குத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். நாற்பதை நெருங்கும் வயது. கேம்ப் ரோட்டில் தனியார் நில அளவை நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சாப்பாட்டு டப்பாவோடு ஏதாவது ஒரு வாய்க்கால் ஓரமாக நடப்பாராம். கணவர் பள்ளி ஆசிரியர், சில நாள் அவரும் கூட வருவாராம்.

"எவ்ளோ குடுப்பீங்க சார்?" என்று நேராகக் கேட்டார்.

சன்மானம் இல்லை என்ற, என் மெயிலின் மூன்றாவது வாக்கியத்தை வாயால் சொன்னேன். காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"சரி சார். இதை நெறைய பேர் படிக்கணும், அது எனக்கும் வேணும். ஆனா ஒரு கண்டிஷன். நான் எழுதினதுல ஏதாவது மாத்தினா, போடறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டணும். நான் மேப் போடறவ. ஒரு கோடு தள்ளிப் போட்டா ஒருத்தர் வீடு இன்னொருத்தர் மனைல போய் உட்கார்ந்திரும். எழுத்தும் எனக்கு அப்படித்தான்."

"கண்டிப்பா" என்றேன்.

எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அந்த ஒரு சொல்தான்.

அதற்குப் பிறகு ஒன்பது பத்து மாதங்கள், பதினைந்து நாளைக்கு ஒரு கட்டுரை வந்தது. எங்கள் பிரிவில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் அதை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எஸ்தர் அனுப்பும் கட்டுரையில் நான் கமாவைக்கூடத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை வந்தது.

இரவு முழுக்கக் கொட்டிய மழையில் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அப்பால் சில தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீர். எஸ்தரின் கட்டுரை முதல் நாளே வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஏரியைப் பற்றியது. அதன் உபரி நீர் வாய்க்கால் பழைய வரைபடத்தில் போகும் இடத்தில் இப்போது புது மனைப்பிரிவு ஒன்றின் உள்சாலை இருக்கிறது, அப்படியென்றால் வாய்க்கால் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தார். கடைசிக்கு முந்தைய பத்தியில், "உரிய அனுமதி பெற்று வாய்க்காலை வேறு திசைக்கு மாற்றியிருக்கவும் கூடும். அப்படியொரு ஆணை இருந்தால் அதை நான் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் இங்கேயே எழுதுவேன்" என்று இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் போனில் வந்தார். எதிராளி இணையதளம் மூன்று செய்தி ஏற்றிவிட்டது, நம்மிடம் என்ன இருக்கிறது என்றார். எஸ்தர் கட்டுரையைச் சொன்னேன்.

"சூப்பர் சார். உடனே போடுங்க. ஆனா தலைப்பு நறுக்குனு இருக்கணும். அந்தம்மா வழவழன்னு வைப்பாங்க."

எஸ்தர் வைத்திருந்த தலைப்பு "ஒரு வாய்க்காலைத் தேடி". அதை எடுத்துவிட்டு, "வாய்க்காலை விழுங்கிய மனைப்பிரிவு" என்று வைத்தேன். அந்தத் தலைப்புக்குக் கீழே "அனுமதி பெற்றிருக்கவும் கூடும்" என்ற பத்தி பொருந்தவில்லை. தலைப்பு ஒன்று சொல்ல, பத்தி வேறொன்று சொன்னது. இருபது வருடப் பழக்கத்தில் கை எதை வெட்டும் என்று உங்களுக்கே தெரியும். பத்தி போயிற்று.

எஸ்தரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அலுவலகத்தில் இருந்திருப்பார். ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்பதரைக்குக் கட்டுரை ஏறிவிட்டது. பத்தரைக்குள் எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் போய்விட்டது.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் எஸ்தர் பேசினார்.

"சார், ஒரு பாரா காணோமே."

"கொஞ்சம் இடம் பத்தலை, அதான்..."

"வெப்சைட்ல என்ன சார் இடம்?"

"சாயங்காலம் சேர்த்துடறேன்" என்றேன்.

"தலைப்பையும் பாருங்க சார். நான் விழுங்கிட்டாங்கன்னு சொல்லலை. எங்கேன்னுதான் கேட்டேன்."

"பார்க்கறேன்."

சாயங்காலம் வரை கட்டுரை ஓடு ஓடென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற கட்டுரையில் கை வைக்க மனம் வரவில்லை. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டேன். மறுநாளும் மழை, வேறு வேலைகள்.

சனிக்கிழமை வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் நிறுவனத்துக்கு ஒன்று, எஸ்தரின் வீட்டு முகவரிக்கு ஒன்று. மனைப்பிரிவு போட்டவர்களிடம் ஆணை இருந்தது. வாய்க்காலைக் கிழக்கே தள்ளி, மனைகளின் எல்லையோரமாகத் திருப்பிக் கட்ட முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்கள். திருப்பிய வாய்க்கால் போதுமான அகலத்தில் இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் விழுங்கவில்லை. எஸ்தர் எழுதியிருந்த "கூடும்" நடந்திருந்தது. நான் வெட்டிய பத்திதான் அந்தக் கட்டுரையில் உண்மையான பகுதி.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் நிறுவனத்தின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். நிதானமான மனிதர். என்னிடம் வரிசையாகக் கேட்டார்.

"இந்த ரைட்டருக்கு நாம பேமெண்ட் ஏதாவது பண்ணியிருக்கோமா?"

"இல்ல."

"அக்ரிமெண்ட்?"

"இல்ல."

"ஆட்டோ சார்ஜ், கன்வேயன்ஸ், அந்த மாதிரி ஏதாவது?"

"எதுவும் இல்ல."

"வெரி குட்" என்று எழுதிக்கொண்டார்.

அவர் அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னார். ஒருவருக்குப் பணம் கொடுக்காமல் இருந்தது, அவரைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு வசதி என்று அப்போதுதான் பார்த்தேன். நான் எழுதிய மெயிலில் இந்த வசதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதும்போது எனக்கே தெரியாது.

அரை மணி நேரத்தில் பதில் கடிதம் தயாரானது. கட்டுரையாளர் எங்கள் ஊழியர் அல்லர். தாமாக முன்வந்து அனுப்பிய கட்டுரை. அவர் அனுப்பியபடியே வெளியிடப்பட்டது. கருத்துகளுக்கு அவரே பொறுப்பு. புறநகர்ப் பிரிவின் பொறுப்பாளன் என்ற முறையில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

"தலைப்பு நான் வச்சது" என்றேன்.

"தலைப்பு எல்லா இடத்துலயும் எடிட்டிங் டெஸ்க்தான் வைக்கும். அது ப்ராப்ளம் இல்ல" என்றார் வக்கீல். "உள்ளே ஏதாவது மாத்தினீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கெட்ட பெயரோடு வெளியே போக எனக்கு விருப்பமில்லை. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை ஃபைலைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பார்க்க என்ன இருக்கிறது? வெட்டியவனுக்குத் தெரியாதா? கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை. தாம்பரம் சானடோரியம் பகுதியில் இருக்கும் என் வீட்டில், மூன்று மின்விசிறிகளையும் துடைத்தேன். பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைத்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். இக்கட்டு வரும்போது ஒளிந்துகொள்வது நமக்கு யோசிப்பது மாதிரியேதான் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யோசிப்பவன் யாரிடமாவது ஏதாவது கேட்பான். அன்று முழுவதும் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எஸ்தரைக்கூட.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் எஸ்தரே கூப்பிட்டார்.

"ஆபீஸ்ல கேட்டேன், உடம்பு சரியில்லைன்னாங்க. உங்களைப் பார்க்க வரலாமா சார்?"

வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். என் மனைவி காபி கொடுத்தாள். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று எஸ்தர் விசாரித்தார். பரவாயில்லை என்றேன். அந்தப் பொய்யைச் சொல்வதுதான் அந்த வாரத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஃபோல்டரிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அவர் எனக்கு அனுப்பிய மெயில், முழுக் கட்டுரையோடு, தேதி நேரத்தோடு. இன்னொன்று நாங்கள் வெளியிட்டது. அந்தப் பத்தி இருந்த இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார்.

"நோட்டீஸுக்குப் பதில் குடுக்கணும் சார். எங்க சர்ச்ல ஒரு அட்வகேட் இருக்காரு, அவர்கிட்ட காட்டினேன். இந்த மெயிலை வச்சாப் போதும், என் மேல ஒண்ணும் வராதுன்னாரு."

"ஆமா" என்றேன்.

"ஆனா இதை வச்சா வெட்டினது யாருன்னு வரும். உங்க பேர் வரும். ரிட்டையர் ஆகப் போறீங்கன்னு ஒரு தடவை சொன்னீங்க. அதான், அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டிடலாம்னு வந்தேன்."

அவர் குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்டவரும் இல்லை. தனக்கு எது முறையென்று பட்டதோ அதைச் செய்ய, மழையில் பஸ் பிடித்து வந்திருந்தார். என் பையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதத்தில், அனுப்பியபடியே வெளியிடப்பட்டது என்று இருந்தது. பை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"அனுப்புங்க எஸ்தர். யாரையும் கேக்க வேணாம்" என்றேன். "நானும் ஒண்ணு எழுதித் தரேன். பாராவை எடுத்தது நான், தலைப்பு வச்சது நான், உங்ககிட்ட காட்டாம போட்டது நான். மூணையும் எழுதறேன்."

"உங்களுக்கு ப்ராப்ளம் ஆகாதே சார்?"

"ஆகும். பரவாயில்ல."

காபி டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறை வாசலில் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை காலை, நான் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய் ஆசிரியர் மேசையில் வைத்தேன். படித்தார்.

"சார், இதை ஆபீஸ் லெட்டரா அனுப்பினா நாளைக்கு மேனேஜ்மெண்ட்கிட்ட என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

"தெரியும். ஆனா அந்த இன்னொரு லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் வக்கீலைப் போனில் பிடித்தார். வக்கீல் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"ஒரிஜினல்ல அந்த பாரா இருக்கா? ஆதாரம் இருக்கா? அப்போ ரொம்ப ஈஸியாச்சே. பாராவைச் சேர்த்து, தலைப்பை மாத்தி, வருத்தம் தெரிவிச்சு ஒரு திருத்தம் போட்டா முடிஞ்சுது. அவங்களும் கேஸ் போட விரும்ப மாட்டாங்க. இதை திங்கக்கிழமையே சொல்லியிருந்தா அந்த டிராஃப்டையே நான் எழுதியிருக்க மாட்டேனே!"

அவர் சொன்னபடியே நடந்தது. திருத்தம் போட்டோம். "பிழை எங்கள் ஆசிரியர் குழுவுடையது, கட்டுரையாளருடையது அல்ல" என்ற வாக்கியம் அதில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், விட்டுக்கொடுத்தார்கள். மனைப்பிரிவுக்காரர்கள் அதோடு விட்டுவிட்டார்கள். கட்டுரையைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூடத் திருத்தத்தைப் படித்திருக்க மாட்டார்.

என்னைப் புறநகர்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து அடுக்கும் பிரிவில் போட்டார்கள். தண்டனை என்றுதான் கொடுத்தார்கள், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்றரை வருடம் கழித்துச் சால்வை போட்டு, மேடையில் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். வர வேண்டியதெல்லாம் வந்தது. ஒரு காசு குறையவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்த மூத்த பத்திரிகையாளர் என்று. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நடந்தது அதுவல்ல.

திருத்தம் வெளியான இரண்டு வாரங்களுக்குப் பிறகு, உதவி ஆசிரியர் என்னைப் பழைய இதழ்களுக்கு நடுவே தேடிக்கொண்டு வந்தார். "உங்களுக்கு விஷயம் தெரியுமா சார்? எஸ்தர் மேடம் இப்போ வேலைல இல்லை. அந்த லேஅவுட் ஆளுங்க அவங்க கம்பெனியோட கிளையண்டாம்" என்றார்.

உடனே எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"ஆமா சார். நோட்டீஸ் வந்துச்சே, அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை. என் வீட்டுக்கு அவர் வந்தது புதன்கிழமை. வேலை போன மறுநாள் வந்து, எனக்குப் பிரச்சினை ஆகாதே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க காய்ச்சலா இருந்தீங்களே சார்."

அவருக்கு வேறு வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. நான் இரண்டு மூன்று இடங்களில் சொல்லிவைத்தேன். அதில் எதுவும் ஆகவில்லை. தானே விண்ணப்பித்து, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கட்டுமானப் பிரிவில் சேர்ந்தார். சேலையூரில் இருக்கும் வீட்டிலிருந்து தாம்பரம் வந்து ரயில் பிடிக்க வேண்டும். வலைப்பூவை நிறுத்தவில்லை. எந்தப் பத்திரிகைக்கும் எழுதுவதில்லை. அந்த மனைப்பிரிவின் திருப்பிவிட்ட வாய்க்காலைப் போய் அளந்து, அது போதுமா போதாதா என்று பிறகு எழுதினார். நிதானமாக, இரண்டு பக்க நியாயத்தோடு. மனைப்பிரிவில் வீடு கட்டியவர்களே அதை எடுத்துக்கொண்டு பொறியாளர்களிடம் போனதாகக் கேள்வி.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது, யாரிடமும் இலவசமாக எழுத்து கேட்காதீர்கள் என்பதல்ல. கேட்கத்தான் போகிறீர்கள். உங்கள் மேலதிகாரி சன்மானத்துக்கு ஒதுக்க மாட்டார், உங்களுக்கும் தினமும் இத்தனை கட்டுரை ஏற்றியாக வேண்டும். கேட்கும்போது ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்குத் தருவது கட்டுரை மட்டும் இல்லை. தன் பெயரையும் சேர்த்துத் தருகிறார். அதே பெயரில்தான் அவர் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், ஒரு தெருவில் குடியிருக்கிறார். உங்கள் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது. ஆகவே அவர் எழுத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் அவரைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு முறை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் பத்து முறை கூப்பிடுங்கள். கட்டுரை ஒரு மணி நேரம் தாமதமாக ஏறட்டும். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் சொன்னேன், உண்மைதான். எந்தக் கிழமை சொன்னேன் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சால்வை வாங்கிக்கொண்டு வந்து சில மாதம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் எஸ்தரைப் பார்த்தேன். செங்கல்பட்டு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"எஸ்தர், நான் அந்த லெட்டரை திங்கக்கிழமையே குடுத்திருந்தா உங்க வேலை நின்னிருக்குமா?"

இல்லை சார், எப்படியும் போயிருக்கும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் கேட்டேனோ என்னவோ. அவர் ஒரு கோடு எங்கே போகிறது என்று பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரியாத் தெரியலை சார். எங்க ஓனர் மோசமானவர் இல்ல. திங்கக்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டு, 'இன்னாம்மா, அந்தப் பேப்பர்காரங்க உனக்காக ஒரு வார்த்தை பேசுவாங்களா? பேசினா நான் பார்ட்டிகிட்ட சமாளிச்சுக்கறேன்'னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேசுவாங்கன்னு சொன்னேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்த்தாரு."